நீலாம்பாளுக்கு ஒரு வாடகை வீடு

தறியில் இழை அறுந்ததற்கு அவள்தான் காரணம் என்று சொல்லி வேலாயுதம் மனைவியின் மணிக்கட்டை முறித்தார். முப்பத்தோரு வருடம் அடி வாங்கிய நீலாம்பாள் அன்றுதான் வீட்டைவிட்டு வெளியே வந்தாள்.

அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்ட நர்ஸ், பெண்கள் உதவி மையத்துக்குப் போன் செய்தாள். அங்கே சில நாள்தான் தங்கலாம். மையத்தில் வேலை பார்க்கும் சத்யப்ரியா அவளுக்காக வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தாள். "வூட்டுக்காரர் எங்க?" என்ற கேள்வியோடு பல கதவுகள் சாத்திக்கொண்டன.

ஓரிக்கையில் வாடகைக்கு வீடு வைத்திருந்த ராஜகோபால் மட்டும், "சொந்தக்காரங்க யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, சாவி தரேன்" என்றார். நீலாம்பாள் மகன் லோகேஷை வரச்சொன்னாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காத கண்ணோடு வந்தவன், ராஜகோபாலிடம் நேராகச் சொன்னான்.

"எங்கம்மாவுக்கு வூடு இருக்குது சார். நீங்க குடுக்காதீங்க."

நீலாம்பாள் மாவுக்கட்டுக் கையை அவன் முன் நீட்டினாள்.

"ஏழு வயசுல குறுக்க வந்து நின்னு என் அடிய நீ வாங்குன. மறந்துட்டியாப்பா?"

"மறக்கலமா. ஆவணியில எனக்குக் கல்யாணம். அம்மா எங்கன்னு பொண்ணு வூட்ல கேட்டா இன்னா சொல்லுவேன்? அதுவரைக்கும் பொறுத்துக்கோமா."

"அதுக்குள்ள இன்னொரு கையும் போச்சுன்னா?"

ராஜகோபால் சாவியோடு உள்ளே போய்விட்டார்.

மையத்தில் தங்கும் நாளை நீட்டித்து வாங்கினாள் சத்யப்ரியா. கடைசியில் முசரவாக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரி செல்லியம்மாள், "காலையில ஆறு மணிக்குத் தண்ணி வரும், புடிச்சு வெச்சுக்கோ" என்றதோடு சரி. வேறு எதுவும் கேட்கவில்லை. கட்டுப் பிரித்தபின் நீலாம்பாள் பக்கத்துத் தெருவில் பட்டு நூல் சுற்றும் வேலைக்குப் போனாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் லோகேஷ் போன் செய்தான்.

"ஒரு நாள் வந்து அப்பா பக்கத்துல நில்லுமா. அப்புறம் உன் இஷ்டம்."

"அவர் பக்கத்துல நிக்க மட்டும் என்னால ஆவாதுப்பா. நீ நல்லா இரு. அந்தப் பொண்ணு மேல கை ஓங்காத."

அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலை அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். குடத்தோடு வந்த செல்லியம்மாள், "வேலைக்குப் போவலயா?" என்றாள்.

"எம்புள்ளைக்கு இன்னிக்குக் கல்யாணம்."

செல்லியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பிறகுதான் நீலாம்பாளால் அழ முடிந்தது.