மூன்றாவது மணி

…படிவத்தில் காரணம் என்ற கட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிரப்பியாகிவிட்டது, இரண்டு விரல் அகலம்கூட இல்லாத கட்டம், அதில் என்ன எழுதுவதாம், பெரியம்மா போய்விட்டாள் என்றா, எடுக்க ஆள் இல்லை என்றா, என் டோக்கன் நாற்பத்தாறு, இப்போதுதான் முப்பத்தொன்பது ஓடுகிறது, மின்விசிறி சுற்றுவதாகப் பேர், காற்று வந்தபாடில்லை. தொலைபேசி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கைபேசியில் கத்திப் பேசும் இந்த முன்வரிசை ஆளைப் பெரியம்மா பார்த்திருந்தால் தோளில் தட்டி, "மூணு நிமிஷம் ஆச்சு, முடிங்க சார்" என்றிருப்பாள். நிச்சயம் சொல்லியிருப்பாள், எண்பத்தொன்பது வயதிலும் அந்தத் தொழில்புத்தி அவளை விட்டுப் போகவில்லை. அண்ணன், அவள் பெற்ற ஒரே பிள்ளை, நேற்று கூப்பிட்டு, "நீயே போய் அம்மாவோட போன் லைன் இனி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா, என்னால முடியாது" என்றான். என்னால் மட்டும் முடியுமா? முடியும் என்று நினைத்துவிட்டான், பாவம். அன்றைக்கு நான் செய்தது அவனுக்குத் தெரியாது, பத்தொன்பது நாளாக நாக்கு நுனிவரை வருவதும் விழுங்குவதுமாக இருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாளாம், தலையில் ஹெட்போன், முன்னால் துளைத்துளையாகப் பலகை, கையில் ஒயர், யாரையோ யாருடனோ இணைத்துவிடுவது, மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து நீட்டிக்கணுமா என்று கேட்பது. பெரியப்பாவைப் பிடித்ததே அப்படித்தான், அவர் இரும்புக் கடைக்காரர், தினம் வெளியூருக்கு ஒரு ட்ரங்க் கால், ஒருநாள் இவள் நீட்டிக்கணுமா என்று கேட்க, "அந்தாளோட பேசினது போதும், உங்களோட நீட்டிக்க முடியுமா?" என்று அவர் கேட்க, "முதல்ல குரலைத் தாழ்த்துங்க, காது கிழியுது" என்றாளாம். இந்தக் கதை வரும்போதெல்லாம் பெரியப்பா வெட்கத்தில் எழுந்து போய்விடுவார். பதிமூன்று வருஷம்தான் அந்த நீட்டிப்பு… நாற்பத்துநாலு வயதில் அவரைப் பறிகொடுத்தவள் அண்ணனையும், அம்மா இல்லாத என்னையும் இழுத்துக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அப்பப்பா! பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட முடியாது என்ற மேலதிகாரிக்கு வந்த அழைப்புகளை எல்லாம் ஒரு வாரம் மீன் கடைக்கே இணைத்துக்கொண்டிருந்தாள், எட்டாம் நாள் தாழ்ப்பாள் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு நேராகக் கேட்டில் மோதிவிட்டு, கேட்தான் குறுக்கே வந்தது என்று கடைசிவரை சாதித்தாள். எண்பத்தைந்தில் சீட்டாட்டத்தில் கள்ளாட்டம், பிடிபட்டால் கண் தெரியவில்லை என்பாள், கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. நாங்கள் தனித்தனி வீடு போன பிறகு எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எங்கள் போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம்தான் பெயர், அண்ணன் இருபத்துநாலு, நான் எழுபத்தொண்ணு. வீட்டுச் சண்டைக்கும் மூன்று நிமிடம்தான், கடிகாரத்தைப் பார்ப்பாள், "ஆச்சு, ரெண்டு பேரும் வெச்சுடுங்க" என்பாள், நாங்களும் வைத்துவிடுவோம், அதற்குமேல் வாயைத் திறக்க யாருக்குத் துணிச்சல்?

இதெல்லாம் போகட்டும், அந்த ரெண்டு மணிச் சட்டம் இருக்கிறதே, அதுதான் எங்கள் வீட்டுக்கே சட்டம். அவள் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் தன் வீட்டுக்குப் போனதும் அவள் நம்பரைச் சுழற்ற வேண்டும், ரெண்டு மணி அடிக்க விட்டு வைத்துவிட வேண்டும், பேசக் கூடாது, பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பினாலும் அதே சட்டம்தான். "லைன் அவசரத்துக்கு. மூணாவது மணி அடிச்சா ஏதோ ஆபத்துன்னு எடுப்பேன், அதுக்கு முன்னாடி எடுக்க மாட்டேன்" என்பாள். நாற்பது வருஷத்தில் மூன்றாவது மணிக்கு முன்னால் எடுத்ததில்லை. ஒருமுறை அண்ணன் ஏதோ ஞாபகத்தில் மூன்று மணி விட்டுவிட, அவள் எடுத்து, விஷயம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவளுக்காகத்தான் என் வீட்டிலும் இன்னும் அந்த லைன் போன், வேறு யாரும் அதில் கூப்பிடுவதில்லை… நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு யாருங்க… இன்னும் நாலு பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டை மூன்று நிமிடத்தைத் தாண்டியது, அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, அதையாவது நான் கவனித்திருக்க வேண்டாமா? அவள் முழங்கையில் கருநீலமாக ஒரு கன்றல், குளியலறையில் விழுந்திருக்கிறாள், யாரிடமும் மூச்சு விடவில்லை, கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். என் வீட்டுக்கு வந்துவிடு என்றேன், உன் வீட்டில் என் போனை எங்கே வைப்பாய் என்றாள், விளையாடாதே என்றேன், யார் விளையாடுகிறார்கள் என்றாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நீ விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? செத்தாக்கூட ரெண்டு மணி அடிச்சுச் சொல்லுவியா?" என்று கேட்டேன், ஐயோ, இந்த வாயாலேயே கேட்டேன். அவள் சிரித்தாள், "அடிக்கிறேன், கிளம்பு" என்றாள். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கோபத்தோடு நம்பரைச் சுழற்றினேன், சட்டம் சட்டம்தானே, முதல் மணி பாதியிலேயே எடுத்துவிட்டாள். எடுத்து, "எழுபத்தொண்ணு…" என்றாள். நான் வைத்துவிட்டேன். கை பழக்கம், நாற்பது வருஷப் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அது பாதிப் பொய், மீதிப் பாதி வீம்பு, திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே, நாலு அடியில் போன், ஏன் கூப்பிடவில்லை? மறுநாள் காலை தையல்காரம்மாதான் பார்த்தாள், போன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி. விடியற்காலை தூக்கத்திலேயே போயிருப்பார்கள், கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள் என்றார் டாக்டர், அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறான்.

நாற்பத்தாறு. கவுன்ட்டரில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட அம்மாள், என் வயதுதான் இருக்கும், படிவத்தைப் புரட்டிவிட்டு, "காரணம் எழுதலையே?" என்றாள். எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க, அதுக்குள்ள லைன் உயிரோட இருக்கான்னு பாத்துடறேன்" என்று ஸ்பீக்கரைப் போட்டு நம்பரை அழுத்தினாள், எனக்கு மனப்பாடமான அந்த நம்பரை. பூட்டிய வீட்டில் அடிக்கிறது, இங்கே கேட்கிறது, ஒன்று… இரண்டு… என் கை தானாகக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் நீண்டு போய் அவள் போனின் பொத்தானை அழுத்திவிட்டது. "என்னம்மா பண்றீங்க?" என்றாள். என்ன பண்ணுகிறேன்? அந்த மணி நின்ற பிறகு வந்த நிசப்தத்தில்தான், பத்தொன்பது நாளாக மூடி வைத்திருந்தது திறந்துகொண்டது. அன்றைக்கு நான் வைத்துவிட்டு, தலைக்குக் குளிக்கப் போனேன். ஷாம்பூ போட்ட கையோடு நிற்கிறேன், கூடத்தில் என் போன் அடிக்கிறது, ஒன்று, இரண்டு, அவளைத் தவிர யார் அதில் கூப்பிடுவார்கள்? அடிக்கிறேன் கிளம்பு என்றவள் வம்புக்கு அடிக்கிறாள் என்று நினைத்தேன், சிரிப்புகூட வந்தது, சிரித்துவிட்டால் தோற்றுப்போவேனே என்று குழாயைத் திறந்துவிட்டேன். முழுசாகத் திறந்துவிட்டேன். வாளி நிரம்பும் சத்தத்தில் மூன்றாவது மணி அடித்ததா, அடிக்கவில்லையா? வம்புக்கு அடித்திருந்தால் இரண்டோடு நிறுத்தியிருப்பாள், அவள் போட்ட சட்டத்தை அவள் மீற மாட்டாள். மூன்று அடித்திருந்தால்…

"கோச்சுக்காதீங்க, இன்னொரு தடவை போடுங்க, நான் தொடல" என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மறுபடி அழுத்தினாள். ஒன்று. இரண்டு. கைகள் இரண்டையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். மூன்று. என் வாழ்நாளில் அந்த வீட்டின் மூன்றாவது மணியை நான் கேட்பது இதுதான் முதல் தடவை, மற்ற இரண்டைப் போலத்தான் இருந்தது, எந்த வித்தியாசமும் இல்லை. நாலு, ஐந்து… "போதுமா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டுங்க" என்றேன். காரணம் என்ற கட்டம் காலியாகவே இருந்தது, படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இங்கிருந்து நேராக அண்ணனிடம் போக வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அந்தக் குழாயையும் சேர்த்து.