கம்பெனி ஃபிட்டிங்

நாற்காலிகளை மூன்றாவது முறையாக மாற்றிப் போடச் சொன்னாள் அம்மா. வாடகை நாற்காலிக்காரர் அவள் மகளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இது துக்க வீடும்மா. வர்றவங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு இழுத்துப் போட்டு உக்காருவாங்க."

"என் எதிர்ல ஒருத்தனும் இழுக்க மாட்டான். வரிசை நேரா இருக்கட்டும்."

ஒருவரும் இழுக்கவில்லை. ஆரம்பப் பள்ளியில் ஆயுசு பூராவும் பாடம் நடத்திய குரல் அது. தெருவில் பாதிப் பேர் அவளிடம் எழுத்துக் கற்றவர்கள். தலை நரைத்தவர்கள்கூட உள்ளே வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, முன்வரிசையை விட்டுவிட்டு, பின்வரிசை பார்த்து உட்கார்ந்தார்கள். கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். அம்மாவுக்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான். இப்போதும் பயந்த மாதிரி தெரியவில்லை.

பெட்டிக்கு அடியில் குளிரூட்டுகிற மோட்டார் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியே சேர்ந்து அதிர்ந்தது.

"என்ன கர்மம் பிடிச்ச சத்தம் இது? இவர் இருந்திருந்தா இந்தப் பெட்டியை வாசப்படி தாண்ட விட்டிருக்க மாட்டார்" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அப்பா பைக் மெக்கானிக். இந்த மாதிரி ஒரு வண்டி பட்டறைக்கு வந்தால் சட்டென்று ஸ்பேனரை எடுக்க மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, உள்ளங்கையை அங்கங்கே வைத்துப் பார்ப்பார். எங்கே வைத்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் வியாதி என்பார்.

மகளுக்கோ வேறு கவலை. அப்பா அவளிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். அவரை எடுப்பதற்குள் அதை முடித்தாக வேண்டும்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், வார்டு கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது என்று நர்ஸிடம் நியாயம் கேட்க அம்மா போயிருந்த நேரம் அது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"டீச்சர் போயிட்டாளா?"

"போயிட்டாப்பா."

"அவகிட்ட ஒண்ணு சொல்லிடு. உன் விஷயம் கம்பெனி ஃபிட்டிங்தான். டீச்சர் சொன்னதுதான் சரி."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களே சொல்லுங்களேன்."

"நானா? நல்லா இருக்கே! அவ மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது? நான் போனப்புறம் சொல்லு. ஆனா எடுக்கறதுக்குள்ள சொல்லிடணும். லேட் பண்ணா மனசு மாறிடுவேன்."

அம்மா திரும்பி வந்ததும், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். அம்மா நம்பினாள். விளக்கு வைப்பதற்குள் அவர் போய்விட்டார். அம்மா கடிகாரத்தைத் திருத்திவைத்தார்களா என்று மட்டும் பார்த்தாள்.

அந்தச் சண்டையைச் சொன்னால்தான் இது புரியும். எனக்கு ஆண்கள் மேல் நாட்டமில்லை, வாழ்ந்தால் ஒரு பெண்ணோடுதான் வாழ்வேன் என்று மகள் வீட்டில் வாய்விட்டுச் சொன்ன நாளில் ஆரம்பித்தது. முதலில் அது வெறும் பழி போடுதல்தான்.

"பிறக்கும்போதே வந்தது. உங்க சின்ன அத்தை கல்யாணமே வேண்டாம்னு கடைசி வரைக்கும் சிநேகிதியோட இருந்தாங்களே, அந்த வழி" என்பாள் அம்மா. "இத்தனை வருஷமா பாடம் நடத்தறேன். ஒரு பிள்ளையையாவது மாத்த முடிஞ்சுதா? வரும்போது எப்படி வருதோ, அப்படியேதான் போகுது."

அப்பா விட மாட்டார். "கம்பெனியிலேர்ந்து வண்டியெல்லாம் ஒண்ணு போலத்தான் வருது டீச்சர். ஓட்டறவன் கைக்குத் தகுந்த மாதிரிதான் பழகும். நீ பள்ளிக்கூடமே கதின்னு கிடந்தே. புள்ள பட்டறையில பசங்களோட வளர்ந்துச்சு. வேற எப்படி ஆகும்?"

"ஓகோ! பட்டறையில வளர்ந்தவளுக்கு ஸ்பேனர் எது, ஸ்க்ரூடிரைவர் எதுன்னு தெரியுமா, கேளுங்க! இது கம்பெனி ஃபிட்டிங். நீங்க மாட்டினது இல்ல."

தெரியாதுதான். மகளுக்கு வங்கியில் வேலை. டயர் பஞ்சரானால் ஓரமாக நின்று அப்பாவுக்குப் போன் போடுகிற ரகம். அந்த நாட்களில் அவள் கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டு அழுதிருக்கிறாள். தன்னை ரிப்பேருக்கு வந்த வண்டி மாதிரி நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டு பேசுகிறார்களே என்று நெஞ்சு வலித்தது.

அப்புறம் பல் டாக்டர் வந்தாள். மகளோடு வாழ வந்தவள். வீட்டுக்கு வந்த முதல் நாளே, மாதக்கணக்கில் கிராம்பை அடக்கிவைத்து அப்பா சமாளித்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டாள். கையோடு கிளினிக்குக்கு அழைத்துப் போய்ப் பிடுங்கிப் போட்டாள். வலி போனது. சண்டை போகவில்லை, ஆனால் தலைகீழாகத் திரும்பிவிட்டது.

"எப்பேர்ப்பட்ட பொண்ணைப் பிடிச்சிருக்கா பாத்தியா டீச்சர்? என் வளர்ப்பு!"

"வளர்ப்பாவது! என் வயித்துலேர்ந்து வரும்போதே அந்தப் புத்தியோடதான் வந்தா."

பழியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவர்கள் பெருமைக்கு அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, டிவியில் விளம்பரம் வரும்போது, எப்போதும் இதே கச்சேரிதான். ஒருமுறை மகள், "எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரு, உனக்கென்ன தெரியும்?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அடக்கினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

இப்போது அப்பா தோல்வியை ஒப்புக்கொண்டு ஆள் அனுப்பியிருக்கிறார். ஆள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். சொன்னால் அம்மா சந்தோஷப்படுவாளா? அவரிடமிருந்து அவளுக்கு மிச்சமிருப்பது அந்தச் சண்டை ஒன்றுதான். அதையும் பிடுங்குவதா என்று மகளுக்கு மனசு வரவில்லை. சொல்லாமல் விட்டாலோ, அப்பாவின் கடைசி வார்த்தை தன்னோடு நின்றுபோகும்.

சமையலறையில் ஒருமுறை முயன்று பார்த்தாள். "அம்மா, அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்."

"காபியில சக்கரையைக் குறைக்காதேன்னுதானே? கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பாவை ஏற்றிப்போகும் வண்டி வாசலில் வந்து நின்றது.

அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, எழுந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வேலை எதுவும் செய்யாமல் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்வதில் மனுஷர் கெட்டிக்காரர். "மாப்பிள்ளையோட போற வண்டியில குடும்பத்து ஆளுங்க மட்டும் ஏறுங்க" என்று அறிவித்துவிட்டுப் பல் டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். ராத்திரி முழுக்கக் கண் விழித்து, வந்தவர்களுக்குக் காபி போட்டு, அப்பாவுக்குத் தலை சீவிவிட்டவள் அவள்தான். சுவரோரமாக நகர்ந்தாள். மகள் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் மாப்பிள்ளை வளர்த்த வளர்ப்பு! பொண்ணைப் பொண்ணா வளர்க்காம பட்டறையில விட்டா இப்படித்தான் வந்து நிக்கும்."

மோட்டார் மட்டும் கடகடத்தது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் என்ன சொல்வாள் என்று தெருவுக்கே தெரியும். 'வளர்ப்பாவது!' என்று ஆரம்பிப்பாள்.

அம்மா மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள்.

"ஆமாண்ணா. அவர் வளர்ப்புதான்."

மகள் தன் காதையே நம்பவில்லை.

"என் வயித்துல பிறந்ததுன்னு வீம்புக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன். நான் எங்க இவளைப் பார்த்தேன்? ஊரான் பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டிருந்தேன். தூக்கி வெச்சுக்கிட்டது அவர், சோறு ஊட்டினது அவர். இவ வந்து அந்த விஷயத்தைச் சொன்ன அன்னைக்கு நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அவர்தான் 'முதல்ல சாப்டியா'ன்னு கேட்டார். அப்படி வளர்ந்த பொண்ணு. இவகிட்ட உனக்கு என்ன குறை தெரியுது? சொல்லு."

"நான் குறையா ஒண்ணும்..."

"அந்தப் பொண்ணு முதல் வண்டியில என் பக்கத்துல உக்காந்து வருவா. அவ கட்டிக் கொடுத்த பல்லை வெச்சுக்கிட்டு அவளையே கடிக்காதே."

மாமாவின் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. மேல்வரிசை, கீழ்வரிசை, முழு செட்டும் பல் டாக்டர் கைவேலை. அதுவும் இனாம். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. பல் டாக்டர் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அம்மா பெட்டியின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா? ஜெயிச்சுட்டீங்க. போதுமா?"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் தோற்றுப்போக இன்றைக்குத்தானா நேரம் பார்த்தார்கள்! வண்டிக்காரர்கள் உள்ளே வந்து பெட்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். இனிமேல் தள்ளிப்போட முடியாது. மகள் அம்மாவின் காதருகே போனாள்.

"அம்மா, அப்பா சொல்லச் சொன்னது..."

"சக்கரைதானே?"

"இல்ல. 'கம்பெனி ஃபிட்டிங்தான், டீச்சர் சொன்னதுதான் சரி'ன்னு சொல்லச் சொன்னார்."

அம்மா அவளை முறைத்தாள். "யாரு, இவரா? என்னைச் சமாதானப்படுத்த நீயா கதை கட்டி விடறே."

"சத்தியமாம்மா. நீ கடிகாரத்தைப் பத்திக் கேக்கப் போனியே, அப்ப."

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார்."

"சிரிக்கவே இல்லம்மா."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு கோணியது.

"ஒத்துக்கற அளவுக்கு முடியாமயா இருந்துச்சு அவருக்கு?" என்றாள். "என்கிட்ட கல்லு மாதிரி இருக்கேன்னாரே."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பல் டாக்டரிடம் நீட்டினாள். பிறகு கையைப் பெட்டியின் மூலையில் ஊன்றினாள். கடகட சத்தம் நின்றது. திடுக்கிட்டுக் கையை எடுத்தாள், மறுபடி கடகடத்தது. உள்ளங்கையை அதே இடத்தில் அழுத்தி வைத்தாள். வீடு அமைதியானது.

"எடுக்கலாமாம்மா?" என்று வண்டிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

அம்மா சரியென்று தலையை ஆட்டினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.