அரிக்கன் சட்டியில் ஒரு சுரங்கம்

தேவராசா வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்தது. உரித்த தேங்காயளவு வெள்ளைக் கல். உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளிகள் மினுங்கும். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் ஆபிரிக்காவில் அவர்கள் தோண்டிய ஒரு தங்கச் சுரங்கத்தில் எடுத்தது. அந்தச் சுரங்கத்தை நடத்திய கம்பனியின் லண்டன் கட்டடத்தில்தான் தேவராசா செக்கியூரிட்டியாக வேலை பார்த்தார். கட்டடத்தைக் காலி செய்தபோது அதுவரை வாசலில் காட்சிக்கு இருந்து இனிக் குப்பைக்குப் போகவிருந்த கல்லைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து, மிச்சம் என்ற லண்டன் புறநகரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் அடியில் ஒரு பித்தளைத் தகடு. ‘முதல் இடிப்பு. தொன்னுக்கு மூன்று அவுன்சு பொன்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன் அந்தத் தகட்டைப் பார்த்தாக வேண்டும்.

அவர் மனைவி சுசிலாவுக்குக் கல்லோடு பகை ஒன்றும் இல்லை. தூசி தட்டுவாள். சரஸ்வதி பூசைக்கு ஒரு பொட்டும் வைப்பாள். மகன் ஜதுசனின் பொன்னுருக்கல் நெருங்கியபோதுதான் அது வில்லங்கமாயிற்று.

பொன்னுருக்கலன்று மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து, இரு பகுதியாரும் பார்த்திருக்க, ஒரு பவுண் பொன்னை நெருப்பில் உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி. ஞாயிறு காலை அது நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சுசிலா கேட்டாள்:

“இஞ்சேருங்கோ, பவுண் வாங்கியாச்சோ?”

“பவுண் ஏன்? எங்கட கல்லுக்கை இருக்கே.”

“என்ன விசர்க்கதை இது?”

“சம்பந்தியிட்டையும் சொல்லிப்போட்டன். கடைப் பவுண் இல்லை, எங்கட சுரங்கப் பவுண் எண்டு. மனுசன் வாயைப் பிளந்துபோட்டார்.”

சுசிலா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். சம்பந்தி அம்பலவாணன் ஜெர்மனியிலிருந்து லண்டன் குட்மேய்ஸ் பகுதிக்கு வந்து கடை போட்டவர். எதையும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். பெண்ணைக் கொடுப்பதற்கும் அப்படித்தான் விசாரித்தார். அவர் முன்னால் அடுப்பை மூட்டிவிட்டு உருக்கப் பொன் இல்லாமல் நின்றால், சபையில் மகனின் முகம் எப்படி இருக்கும்?

மகள் மயூரா சோபாவில் சாய்ந்தபடி போனில் கணக்குப் போட்டாள்.

“அப்பா, ஒரு தொன் எண்டா எங்கட கார் அளவு பாரம். கார் அளவு கல்லை இடிச்சாத்தான் பன்னிரண்டு பவுண் வரும். உங்கட கல்லிலை ஒரு பவுண் வராது, மூக்குத்தி வந்தாலே பெரிய விசயம்.”

“இது சுரங்கத்தின்ர முதல் கல், பிள்ளை. திறமான கல். வெள்ளைக்காரன் பித்தளையிலை வெட்டி வைச்சிருக்கிறான்.”

“திறமான கல்லைப் பொறுக்கி லண்டனிலை வைச்சாத்தானே கம்பனிப் பங்கு விக்கலாம்? மற்றக் கல்லுகளுக்கு ஆர் தகடு அடிச்சது?”

தேவராசா கல்லைத் துடைத்தார். சுசிலாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை கவிழ்ந்துவிடும்.

“சரி,” என்றாள். “நாளைக்கு இதை இடிப்பம். பவுண் வந்தா நான் வாயைப் பொத்துறன். வராட்டிக்கு நீங்கள் போய்ப் பவுண் வாங்கிக்கொண்டு வாறியள்.”

“கல்லை உடைக்கிறதோ?”

“உடைக்காமல் எப்பிடி உருக்கிறது? முழுசா அடுப்பிலை வைக்கிறதோ?”

சனிக்கிழமை காலை பின் வளவில் வேலை தொடங்கியது. தேவராசா முதல் அடியை அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். துண்டுகளை இரும்பு உரலில் போட்டு இடித்தார்கள். மிளகாய்த்தூள் இடித்த உரல். கல் அதற்கு இலேசில் மசியவில்லை. மதியத்துக்குள் தேவராசாவின் உள்ளங்கை கொப்பளித்தது, சுசிலாவுக்கு நாரி விட்டுப்போய் இடுப்பு நிமிரவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இடித்த பொடியை எப்படிப் பிரிப்பது என்று தேவராசா திகைத்து நிற்க, சுசிலா அலமாரியின் அடித்தட்டிலிருந்து அரிக்கன் சட்டியை எடுத்தாள். உட்புறம் வரிவரியாய்ப் பள்ளம் விழுந்த சட்டி. அரிசியைத் தண்ணீரில் அலைத்து அலைத்து ஊற்றினால், பாரமான கல் அந்த வரிகளில் தங்கிவிடும். லண்டன் அரிசியில் கல் இல்லாததால் சட்டிக்கு வேலையில்லாமல் இருந்தது.

“அரிசியிலை கல்லு தங்கும். கல்லிலை பொன் தங்காதோ?” என்றாள்.

குழாயடியில் நின்று அரிக்கத் தொடங்கினாள். கை தன் பழக்கத்தை மறக்கவில்லை. சட்டி சாய்ந்து நிமிர, வெள்ளைச் சேறு வழிந்து வழிந்து போனது. இத்தனை வருடம் மினுங்கிய மஞ்சள் புள்ளிகள் பொன்னே அல்ல. உரலில் இடிபட்டதும் கரிப்பொடியாகி அந்தச் சேற்றோடு ஓடின.

“படுபாவியள், ஏமாத்திப்போட்டாங்கள்,” என்றார் தேவராசா.

“பொறுங்கோ.”

கடைசியாக அரித்தபோது சட்டியின் வரியில், நூலின் முனை போல ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. மயூரா போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். பொன்தான். ஒரு விரல்நுனியில் ஒட்டி எடுக்கலாம்.

தேவராசா வாளிகளில் கிடந்த சேற்றைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

“ஒரு கல்லுக்கே இந்தப் பாடு. மலையையே இடிச்ச சனத்துக்கு என்ன கிடைச்சிருக்கும்?”

“இடிப்பிச்சவங்களுக்கு லண்டனிலை கட்டடம் கிடைச்சது. நீங்கள் வாசலிலை நிண்டனியள்,” என்றாள் சுசிலா. அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பவுண் வாங்கப் போனார்.

ஞாயிறு காலை வீடு நிறைந்தது. நகை செய்யும் கிருஷ்ணராசா குத்துவிளக்குக்கு முன்னால் அடுப்பை மூட்டினார். அம்பலவாணன் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“சம்பந்தி, எங்கை உங்கட சுரங்கப் பவுண்?”

தேவராசாவின் காதருகே கிருஷ்ணராசா குனிந்தார். “அண்ணை, இந்தப் பவுணையே கல்லிலை எடுத்தது எண்டு சொல்லுங்கோ. உருகினாப் பிறகு ஆருக்குத் தெரியும்?”

பக்கத்தில் நின்ற சுசிலாவுக்கு அது கேட்டது. தேவராசா அவளைப் பார்த்தார். அவளுடைய ஒரு தலையாட்டல் போதும். சபை கைதட்டும், அம்பலவாணன் ஊரெல்லாம் சொல்வார். தகடு அடித்தவர்கள் செய்ததும் அதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு பொய்யை மினுக்கிக் கம்பனி வாசலில் வைத்தார்கள். அதையே தன் மகனின் தாலிக்குள் வைப்பதா?

அவள் குசினிக்குப் போய் அரிக்கன் சட்டியைக் கொண்டுவந்து அம்பலவாணனின் மடிக்கு நேரே நீட்டினாள்.

“இதுதான், அண்ணை, எங்கட சுரங்கத்தின்ர விளைச்சல். நேற்று முழுக்க இரண்டு பேரும் இடிச்சது. உருக்கிற பவுண் கடையிலை வாங்கினது.”

ஓர் ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்பலவாணன் கண்ணாடியைப் போட்டுச் சட்டிக்குள் பார்த்தார். வழக்கம் போல இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு தேவராசாவின் கொப்பளித்த உள்ளங்கையைப் பார்த்தார்.

“உண்மையாவே இடிச்சனீங்களோ?”

“ஓம்,” என்றார் தேவராசா. “பவுண் வரும் எண்டு நம்பித்தான் சொன்னனான். வரேல்லை.”

“நான் இது புளுகு எண்டு நினைச்சுச் சிரிக்கத்தான் வந்தனான்,” என்றார் அம்பலவாணன். “இதை ஏன் சட்டியிலை விடவேணும்? கிருஷ்ணராசா, இதையும் பவுணோடை போடும். என்ர பிள்ளையின்ர தாலியிலை கிடக்கட்டும்.”

சுசிலா விரலால் ஒற்றி எடுத்துக் கொடுத்தாள். பவுண் உருகிச் சிவந்து உருண்டபோது கல்லின் பொன் அதற்குள் போய் மறைந்தது. ஜதுசன் உருக்கிய பொன் வைத்த தட்டை ஏந்திச் சபைக்குக் காட்டினான்.

சாப்பாட்டு நேரத்தில் தேவராசா பழையபடி கதை சொல்லத் தொடங்கிவிட்டார். கையில் கல் இல்லாத தகடு.

“ஒரு கல்லை இடிச்சா ஒரு கடுகளவு பொன் எடுக்கலாம், பாருங்கோ!”

சோற்றுச் சட்டியோடு வந்த சுசிலா நிற்காமலே சொன்னாள்:

“அரைக் கடுகு.”