மான்தோல் பூட்ஸும் கொஞ்சம் மானமும்

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பதைத் தாண்டிவிட்டதால் யாகுத்ஸ்க் நகரத்துப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை என்றது வானொலி. பிள்ளைகள் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் விடுமுறை. பதினைந்து வயசுக்கு அதெல்லாம் புரியுமா? அறிவிப்பு முடிவதற்குள் புரோகோப்பியின் மகள் குன்னேய் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள். அதுவும் எப்படி? கணுக்கால் தெரிய, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில்.

புரோகோப்பி கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"மூக்கையும் வாயையும் மூடிக்கோ. ஓடாத, வேர்த்தா வேர்வையே உறையும். போனை உள்சட்டைக்குள்ள வை, வெளிய எடுத்தா செத்துரும். முதல்ல அந்தக் கருமத்தைக் கழட்டிட்டு மான்தோல் பூட்ஸைப் போடு."

"ஐயோ அப்பா! அதுல நான் கரடிக்குட்டி மாதிரி இருப்பேன். பஸ் ஸ்டாப் அஞ்சு நிமிஷம்தானே?"

"பஸ் வரலைன்னா? விரல் போயிரும்டீ!"

"போனா என்ன? உனக்கும்தான் ரெண்டு விரல் இல்ல. ஊரே உன்னை வீரன்னு சொல்லலையா?"

புரோகோப்பிக்குச் சுருக்கென்றது. பதினாறு வயதில் உறைந்த லேனா நதியின் பனி உடைந்து தண்ணீருக்குள் விழுந்த குதிரைக்குட்டியைக் காப்பாற்றப் போய் இடதுகால் விரல் இரண்டைப் பறிகொடுத்தவர் அவர். அப்படித்தான் ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். விருந்தாளி வந்தால் காலுறையைக் கழற்றிக் காட்டாமல் விடமாட்டார். மகள் அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசும் வாங்கியிருந்தாள். தான் விட்ட கதை இப்போது மகளின் விரலுக்கே உலை வைத்துக்கொண்டிருந்தது.

சமையலறையில் மனைவி மாத்ரியோனா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"குதிரைக்குட்டியெல்லாம் இல்ல கண்ணு."

"பின்ன?"

"பளபளன்னு ஒரு மெல்லிசு ஷூ. புத்தாண்டு நடனத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு ஒரு பொண்ணு வீட்டு வாசல்ல நின்னேன். இப்ப வருவா, இப்ப வருவான்னு முக்கால் மணி நேரம்."

"வந்தாளா?"

"ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தா. மறுபடி மூடிட்டா. முதல்ல கால் உயிர் போற மாதிரி வலிச்சது. அப்புறம் வலி நின்னுபோச்சு. அப்பாடான்னு சந்தோஷப்பட்டேன் கண்ணு. வலி நின்னப்பதான் விரல் செத்துக்கிட்டிருந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

குன்னேய் அவரையே பார்த்தாள்.

"அவ்வளவுதானா? ஷூவுக்காகவா?"

"ஷூவுக்காகத்தான்."

"சீ! இதை வெளிய சொல்லவே முடியாதேப்பா!" என்று முக்காலியில் உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவை உருவினாள்.

சமையலறையில் சட்டியின் சத்தம் நின்றிருந்தது. மாத்ரியோனா கரண்டியோடு வாசற்படியில் நின்றாள்.

"எந்தப் பொண்ணு?"

வசமாக மாட்டிக்கொண்டார் புரோகோப்பி. இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை.

"உங்க அக்கா."

குன்னேய் யாரும் சொல்லாமலே பூட்ஸை மாட்டினாள், குல்லாவைக் காது வரை இழுத்தாள், கழுத்துத் துணியால் மூக்கையும் மூடிக்கொண்டு தப்பித்தோம் பிழைத்தோம் என்று கம்பி நீட்டினாள்.

"பூட்ஸ் போட்டுட்டா பாரு மாத்ரியோனா!" என்றார் புரோகோப்பி. நிஜமாகவே கண் கலங்கும் அளவுக்குச் சந்தோஷம் அவருக்கு.

"போடட்டும், நல்லதுதான். பதினெட்டு வருஷமா அந்தக் காலுக்குத் தைலம் தேய்ச்சுவிட்டவ கேக்கறேன், பதில் சொல்லு. குட்டிக்கு நெத்தியில வெள்ளைப் பொட்டுன்னியே, அதுக்குப் பேரெல்லாம் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதியே... நானும் கூட உக்காந்து அழுதேனே, மனுஷா!"