இருவர் ஏறி நின்ற கல்

நாகமலைச் சரிவில் பொழுது புலரும் முன்பே கடப்பாரை முனைகளில் பொறி பறந்தது. ஐப்பசி மழை அரித்துத் தின்ற ஒற்றையடிப் பாதைக்குப் படிக்கல் பதிக்கும் வேலை. வெள்ளைக்காரத் துரை மலையைப் பார்க்க வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

தோளில் கல்லோடு நல்லகாமன் ஏறி வந்ததும் பேச்சு நின்றது. நேற்று அவன் பதித்த கல் புரண்டு, கூடை சுமந்து போன மாயக்காளின் கால் முறிந்திருந்தது. அவள் புருஷன் விருமாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நல்லகாமனுக்கோ எல்லார் மேலும் சந்தேகம். கல் ஆடாதிருக்க அதனடியில் சக்கைக்கல் சில்லுகளைத் திணித்து இறுக்கியது அவன் கை. யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். மேஸ்திரியோடு வெற்றிலை மாற்றிக்கொள்ளும் விருமாண்டியா? சொந்தப் பெண்டாட்டி நடக்கும் வழியிலா?

காண்ட்ராக்டர் குடையை ஊன்றி ஏறி வந்தார்.

“நல்லகாமா, உனக்கு இனி வேலையில்லை. பொம்பளை காலை ஒடச்சிட்டு எந்த மூஞ்சியோட வந்தே?”

“இறுக்கிப் பதிச்ச கல்லுங்கய்யா அது.”

“அப்ப பாம்பு வந்து நெம்புச்சாக்கும்.”

மேஸ்திரி மட்டும் சிரித்தான்.

நல்லகாமன் விருமாண்டி பக்கம் திரும்பினான். “மாப்ள, பதிச்சவனும் பக்கத்து ஆளும் சேந்து ஏறி நின்னு பாக்குறது நம்ம வழக்கம். அந்தக் கல்லுல என்கூட நின்னது யாரு?”

விருமாண்டி தரையைப் பார்த்தான். “நாந்தேன்.”

“ஆடுச்சா?”

“ஆடலை.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது: ஆடாத கல் தானாகப் புரளாது. தான் பதித்த கல்லைக் கடப்பாரையால் நெம்பினான். அடியில் சக்கை இல்லை, வெறும் மண். அடுத்த கல்லும் அப்படியே. மேட்டில் காண்ட்ராக்டர் தங்குவதற்குப் புதிதாய்ப் போட்ட கொட்டகையைக் கூடைக்காரி ராமக்காள் எட்டிப் பார்த்தாள். தரை முழுக்கச் செம்மண் அப்பிய சக்கைக்கல்.

“எங்க படியத் தோண்டித்தேன் தரை போட்டீகளா?”

“நாலு சில்லு எடுத்ததுக்கு இம்புட்டுப் பேச்சா? இஷ்டமில்லாதவன் இறங்கலாம். சமயநல்லூர்ல ஆளா இல்லை?”

விருமாண்டி, புரண்ட கல்லைத் தூக்கி அதன் குழியில் வைத்து ஏறி நின்றான். “வா மச்சான்.”

நல்லகாமன் ஏறினான். படிக்கு இருவராகச் சரிவு நெடுக ஆட்கள் ஏறி நின்றார்கள்.

“சக்கை திரும்ப வரணும், மாயக்கா காலுக்கு வைத்தியம் பாக்கணும், நல்லகாமனுக்கு வேலை இருக்கணும்,” என்றாள் ராமக்காள். “அப்பத்தேன் இறங்குவோம்.”

காண்ட்ராக்டர் போலீசுக்கு மேஸ்திரியை அனுப்பினார். போகிறவனுக்கு மிதிக்க ஒரு படியும் இல்லை. சேற்றில் சறுக்கிச் சறுக்கி இறங்கினான்.

வெயில் ஏறியது. தூரத்தில் மதுரைக் கோபுரங்கள் புகைபோலத் தெரிந்தன. காலடியில் கல் அசைந்தது. விருமாண்டி நல்லகாமனின் தோளைப் பற்றினான்.

“உன் பக்கம் நல்லா ஊனிக்க மச்சான். என் பக்கத்தை நான் பாத்துக்கிறேன்.”