நாற்காலி சொன்ன செம்பு விலை

கருத்துச் சொல்லாவிட்டால் சலூன்காரருக்குச் சோறு இறங்காது. எந்த ஆட்சி எப்போது கவிழும், எந்த வீடியோ கேம் தேறும், விலைவாசி ஏன் ஏறுகிறது, இணையத்தில் ஒரு பூனைப் படத்துக்குக்கூட ஏன் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருப்பார். சரக்கு முழுவதும் இரவல்தான். முடி வெட்ட உட்காருகிறவர்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆள் உட்காருவதற்குள் கைபேசியில் தட்டிவிடுவார்.

அவர் தட்டிவிடும் இடம் ஒரு இணைய விளையாட்டின் அரட்டைக் குழு. விளையாட்டில் ஒரு மலை, ஒரு சாலை, ஒரு துறைமுகம். மலையைத் தோண்டிச் செம்பு எடுத்து, வண்டியில் ஏற்றி, துறைமுகச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். பதினாறு வயது மகள் எந்நேரமும் இதிலேயே கிடக்கிறாளே, யாரோடு பேசுகிறாள் என்று உளவு பார்க்கத்தான் மனுஷன் உள்ளே நுழைந்தார். விளையாட வரவில்லை, வாய் மட்டும் வந்தது. ‘நாற்காலி’ என்று பெயர் வைத்துக்கொண்டு, சந்தை வரி கூடும், விளையாட்டுக்குள் நடக்கும் தேர்தலில் துறைமுகத் தலைவர் தோற்பார் என்று குருட்டாம்போக்கில் அள்ளிவிட்டார். பலித்துத் தொலைத்தது. அதிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நாற்காலி என்ன சொல்லும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

அவர்களில் மகளும் ஒருத்தி. நாற்காலி யாரென்று அவளுக்குத் தெரியாது.

“அவர் பெரிய பொருளாதாரப் பேராசிரியரா இருக்கணும்ப்பா,” என்பாள் சாப்பிடும்போது. “என்னமா எழுதுறார்! உங்களுக்கெல்லாம் சொன்னா புரியாது.”

புரியாதுதான் என்று இவரும் தலையாட்டுவார். அந்தக் குரலில் இருந்த மரியாதை இருக்கிறதே, அப்பா என்று கூப்பிடும்போது அது ஒருநாளும் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால் அது போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார். வேறு எந்த விஷயத்திலும் அவர் வாயை மூடியதாகச் சரித்திரம் கிடையாது.

மகளுக்கு அந்த விளையாட்டில் ஒரே ஒரு ஆசை. அவளுடைய சிநேகிதி குடும்பத்தோடு வேறு நாட்டுக்குக் குடிபோய்விட்டாள். இருவரும் சேர்ந்து ஒரு கப்பல் கட்டி, அந்தத் துறைமுகத்திலிருந்து ஒன்றாகக் கடலுக்குள் போவதென்று பேச்சு. கப்பலின் அடியில் செம்புத் தகடு அடிக்க வேண்டும். அதற்காகப் பள்ளிக்கூடம் விட்டு வந்து வருஷம் முழுக்க மலையைத் தோண்டியிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் கப்பல் இறங்கிவிடும்.

அன்று காலையில் பழைய இரும்புக்கடைக்காரர் சவரத்துக்கு வந்து சாய்ந்தார். சோப்பு நுரைக்குள்ளிருந்து புலம்பினார்.

“செம்பு அவ்வளவுதான்யா. இந்த வாரம் அடிமட்டத்துக்குப் போயிடும். இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டுட்டேன்.”

அவர் சொன்னது நிஜச் செம்பு, உருக்கிக் கம்பி இழுக்கிற செம்பு. விளையாட்டுச் செம்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம்ம ஆளுக்கு அதையெல்லாம் யோசிக்கப் பொறுமை ஏது? எங்கே இருந்தால் என்ன, செம்பு செம்புதானே என்று, ஒரு கன்னம் முடிந்து மறு கன்னம் தொடங்குவதற்குள் ஒரு போடு போட்டார். ‘செம்பு இந்த வாரம் அடிமட்டத்துக்குப் போகும். இருப்பதைத் தள்ளிவிடுங்கள்.’ போட்டுவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

மதியம் சாப்பிடுவதற்காகக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனார். விடுமுறை நாள். மகள் கம்ப்யூட்டர் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பேச்சுக் குடுக்காதீங்கப்பா. செம்பு விழப்போகுது. எல்லாத்தையும் வித்தாகணும்.”

“யாரு சொன்னா?”

“நாற்காலி!”

அவர் திரையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மலை உச்சியிலிருந்து கடல்வரை சாலை தெரியவில்லை. வண்டிகள்தான் தெரிந்தன. விளையாட்டில் அப்போது அந்தி நேரம். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு விளக்கு. மலையே உருகிக் கடலுக்கு வழிவதுபோல விளக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. துறைமுக வாசல் நெரிபட்டது. விலைப் பலகையில் செம்பின் விலை கண்முன்னே குறைந்துகொண்டிருந்தது.

“இவங்கள்லாம் யாரு?”

“மனுஷங்கதான்ப்பா. ஒரு வண்டிக்கு ஒரு ஆள். எல்லா நாட்டுலேருந்தும் வந்திருக்காங்க. இவ்வளவு கூட்டம் நான் பாத்ததே இல்ல.”

யம்மாடி! ஒரே ஒரு வரி. கத்தியில் நுரை காய்வதற்குள் எழுதிய வரி. அதற்காக முகம் தெரியாத இத்தனை பேர், எங்கெங்கோ இருக்கும் அறைகளில் கைவேலையைப் போட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். சலூன்காரருக்கு மெய்சிலிர்த்தது. கூடவே பயமும் பிடித்துக்கொண்டது.

மகளின் வண்டியும் வரிசை நடுவில் நின்றது.

“விக்காத கண்ணு. கப்பலுக்குத் தகடு வேணுமே!”

“இப்ப வித்துட்டு, விலை விழுந்ததும் ரெண்டு பங்கா வாங்கிக்கலாம்.”

“இப்பவே விழுந்துக்கிட்டுத்தானே இருக்கு? உன் முறை வர்றப்ப கையில ஒண்ணும் தேறாது. நாளைக்குத் திரும்ப ஏறிட்டா என்ன பண்ணுவ?”

“நாற்காலியவிட உங்களுக்குத் தெரியுமா? போய் முடி வெட்டுங்கப்பா.”

சுருக்கென்றது. பேசாமல் இருந்தால் பிள்ளையின் ஒரு வருஷ உழைப்பு போய்விடும். பேசினால் அந்த மரியாதை போய்விடும்.

“நாற்காலி நான்தான் கண்ணு.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கைபேசியை எடுத்தார். ‘காலையில் எழுதியது தவறு. செம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் முடி வெட்டுகிறவன்.’ எழுதி முடித்ததும் அது மகளின் திரையில் நாற்காலி என்ற பெயரோடு வந்து நின்றது. சிரிப்பும் நின்றது.

அடியில் பதில்கள் கொட்டின. ‘ஐயாவின் அடக்கத்தைப் பாருங்கள்.’ ‘மேலிடத்திலிருந்து மிரட்டல் வந்திருக்கிறது, இதுகூடப் புரியாதா?’ ‘அப்படியென்றால் நிலைமை இன்னும் மோசம், ஓடுங்கள்!’ வண்டிகள் முன்னைவிட வேகமாக இறங்கின. அவர் திரும்பத் திரும்ப எழுதினார். சத்தியம் செய்தார், மன்னிப்புக் கேட்டார். ஒருவர்கூட நம்பவில்லை.

மகள் திரையை விட்டு அவரைப் பார்த்தாள்.

“தெரியாமலா எழுதுனீங்க?”

“கடைக்கு வந்தவர் ஏதோ சொன்னார்...”

“தெரியாமலா எழுதுனீங்கப்பா?”

“ஆமாம்மா.”

அவள் திரைக்குத் திரும்பினாள். வரிசையிலிருந்து தன் வண்டியை உருவி, மலையைப் பார்க்கத் திருப்பினாள். எதிரே வந்தவர்கள் மோதினார்கள், திட்டினார்கள். ஓரமாக, அங்குலம் அங்குலமாக ஏறினாள்.

“எங்க போற?”

“செம்பு எனக்குக் கப்பலுக்குத்தான். இன்னும் கொஞ்சம் தோண்டணும். விலை என்னவா இருந்தா எனக்கென்ன?”

இறங்கிவந்த ஒரு வண்டி அவளருகே நின்றது. ‘ஏன் திரும்புகிறாய்?’ என்று கேட்டது. ‘கப்பல் கட்ட வேண்டும்’ என்று மட்டும் எழுதினாள். அந்த வண்டி சற்று நேரம் நின்றது. பிறகு திரும்பி அவள் பின்னால் ஏறியது. அதைப் பார்த்து இன்னொன்று திரும்பியது. பாலம் கட்ட வேண்டியவர், மணி வார்க்க வேண்டியவர் என்று ஒவ்வொருவராக நின்று யோசித்தார்கள். எல்லாரும் திரும்பிவிடவில்லை. ஆனாலும் கீழே வழிந்துகொண்டிருந்த வெளிச்சத்துக்கு நடுவே ஒரு மெல்லிய வெளிச்சம் மேல்நோக்கி ஏற ஆரம்பித்தது.

“பின்னாடி பாரு கண்ணு!” அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். “நான் அத்தனை எழுதியும் அசையல. நீ பாட்டுக்குப் போற, உன் பின்னாடி எவ்வளவு பேர் வர்றாங்க பாரு!”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினாள்.

“எனக்கு நாற்காலிய ரொம்பப் பிடிக்கும்ப்பா,” என்றாள். “தெரியலைன்னு ஒரு வார்த்தை காலையிலயே எழுதியிருந்தா, அவர் இன்னும் இருந்திருப்பார்.”

சலூன்காரர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். வண்டி உச்சிக்குப் போய்ச் சேரும்வரை மகளின் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.