கீழிருந்து வரும் குரல்

ஹெட்விக்கின் இரண்டு முழங்காலிலும் டாக்டர் கத்தி பட்டிருந்தது. முப்பத்துமூன்று வயதில், பனிச்சறுக்கு உலகச் சாம்பியன்ஷிப்புக்கு எங்கள் அணியில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்காக மோதினாள். எதிரில் லேனி, இருபத்தொரு வயதுக்காரி. இருவருடைய ஸ்கீக்கும் மெழுகு பூசுபவன் நான். யார் தோற்றாலும் திட்டு எனக்குத்தான்.

இன்றைக்கு இருவரில் யார் வேகமோ அவளுக்கே இடம் என்று பயிற்சியாளர் காலையில் சொல்லிவிட்டார். ஹெட்விக் முதலில் இறங்கினாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறங்கி முடித்தவள் வாக்கிடாக்கியை எடுத்து, பாதை எப்படி இருக்கிறது என்று மேலே காத்திருக்கும் அணிக்காரிகளுக்குச் சொல்ல வேண்டும். கேட்பவள் தன் இடத்தையே பறிக்க வந்தவளானாலும் சொல்லியே ஆக வேண்டும்.

“லேனி, மரத்தோப்பு தாண்டிக் குதிச்சதும் காலையில பாதையைப் பார்த்து வெச்ச மாதிரி இடப்பக்கம் சுத்தாத. அங்க பனி உதிருது. நான் சுத்தித்தான் கெட்டேன். கொடிக்கம்பத்தை ஒட்டி நேரா விடு. பயமா இருக்கும், ஆனா ஸ்கீக்குப் பிடி கிடைக்கும்.”

லேனி என்னைப் பார்த்தாள். “லோய்ஸ் அண்ணே, அக்கா நிஜமாத்தான் சொல்றாங்களா?”

“வாக்கிடாக்கியில பொய் சொல்றவ இந்த மலையில இன்னும் பொறக்கல.”

“இன்னிக்குப் பொறந்திருக்கலாம்ல?”

இறங்கினாள். தோப்பு தாண்டியதும் இடப்பக்கமே சுற்றினாள். காலடியில் பனி உதிர்ந்தது. விழவில்லை, ஆனால் வேகம் செத்துவிட்டது. ஹெட்விக்குக்கு இடம் கிடைத்தது.

நான் மெழுகு மூட்டையோடு கீழே வந்தபோது ஹெட்விக் கேட்டுக்கொண்டிருந்தாள். “நான் சொன்னது காதுல விழலையா?”

“விழுந்துச்சுக்கா.”

“அப்புறம்?”

லேனி ஹெல்மெட் வாரை நோண்டிக்கொண்டு நின்றாள். ஹெட்விக்குக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு வந்த கோபத்தில் லேனியின் ஸ்கீயை ஒடித்திருப்பேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் பன்றிக்கறி உருண்டை சூப் ஹெட்விக் முன்னால் ஆறிப்போனது. “ஜெயிச்சவ மூஞ்சியா இது?” என்று சீண்டினார் பயிற்சியாளர்.

“ஜெயிச்சேன். ஆனா பொய் சொல்லி இடத்தைப் பிடிக்கிற திருடின்னு அவ என்னை நினைச்சுட்டாளே,” என்றாள்.

அடுத்த வாரம் வேறு மலையில் பந்தயம். இந்த முறை லேனி முதலில் இறங்கினாள். கீழிருந்து அவள் குரல் இரைத்துக்கொண்டு வந்தது.

“அக்கா, கடைசிச் சரிவுல வலப்பக்கம் ரொம்பத் தள்ளிப் போங்க. வலையில மோதப்போற மாதிரி இருக்கும். பரவாயில்ல, போங்க.”

புறப்படும் இடத்துக் குடிசையில் எல்லோரும் ஹெட்விக்கைப் பார்த்தார்கள். காலையில் பாதையைப் பார்த்தபோது அந்தப் பக்கம் போவதாக யாருமே பேசவில்லை. நான் அவள் காதோரம் குனிந்தேன்.

“நீ விழுந்து கால் போச்சுன்னா சாம்பியன்ஷிப்புக்கு யாரு போவான்னு தெரியும்ல?”

“லேனி போவா. நீ உன் மெழுகைப் பாரு.”

கைக்கோல்களை ஊன்றிப் பாய்ந்தாள். குடிசையின் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிச் சரிவில் வலப்பக்கம் வலையை உரசுகிற அளவுக்குத் தள்ளிப் போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது வாக்கிடாக்கி கரகரத்தது. ஹெட்விக்குக்கு மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

“மேல இருக்கிறவங்க கேளுங்க. லேனி சொன்னது சரி. அப்படியே வாங்க.”